ஃபேட் 0.0

நவம்பர் 3, திங்கள்

லேபில் அப்பாவின் சாம்பிள் கொடுத்தாயிற்று. ஒரு வாரம் ஆகுமாம். பஸ்ஸில் அப்பா தூங்கிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 4

காலையிலேயே பால் சங்கத்துச் செயலாளரின் போன். ஒரு அம்மா ஊற்றிய ஏழரை லிட்டருக்கு நாங்கள் எழுதிய ஆப்பில் ஃபேட் (கொழுப்பு) 0.0, தொகை 0 ரூபாய். "தண்ணிய ஊத்துனாக்கூட ஏதாச்சும் காட்டுமுங்களே" என்று சிரிக்கிறார். அந்த அம்மா சிரித்திருக்க மாட்டார்.

லாகில் ஜேசானை, அதாவது சர்வர் அனுப்பிய தகவலை, எடுத்துப் பார்த்தேன். லிட்டர் இருக்கிறது. ஃபேட், எஸ்என்எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) இரண்டும் 'நல்', மதிப்பே இல்லை. கரண்ட் இல்லை, அனலைசர் ஓடவில்லை. சர்வர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, அளக்கவில்லை என்று. இந்தப் பக்கம், ஆப்பை எழுதிய காட்லின் மொழியின் கிளாஸில், ஃபேட் வெறும் டபுள், எண் மட்டுமே. அதில் 'நல்' உட்காராது. ஜேசானை ஆப்ஜெக்டாக மாற்றும் ஜிசான் லைப்ரரி சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். பீல்டே வராவிட்டாலும் அதே கதி. மிஞ்சுவது 0.0. அதை வைத்து ரேட் சார்ட் கணக்குப் போட்டுவிடுகிறது.

நவம்பர் 5

மழை. ரிப்போர்ட் இல்லை.

நவம்பர் 6

தூக்கம் வராததால் கிளாஸைத் திறந்து உட்கார்ந்தேன். ஃபேட்டுக்கு டீஃபால்ட், மதிப்பு வராவிட்டால் வைக்க வேண்டியது, -1.0 என்று எப்போதோ யாரோ எழுதியிருக்கிறார்கள். பிறகு ஏன் 0.0 வருகிறது? கோடின் பழைய மாற்றங்களைக் காட்டும் கிட் ஹிஸ்டரியில் பதில் இருந்தது. எல்லாப் பீல்டுக்கும் டீஃபால்ட் இருந்த வரை, காட்லின் தானாகவே ஒரு காலி கன்ஸ்ட்ரக்டர் (எந்த மதிப்பும் கேட்காமல் ஆப்ஜெக்டை உருவாக்கும் வழி) உண்டாக்கிக் கொடுத்தது. ஜிசான் அதைக் கூப்பிட்டது, -1.0 வந்தது. பின்னால் ஷிப்ட் என்று ஒரு பீல்டு, டீஃபால்ட் இல்லாமல். காலி கன்ஸ்ட்ரக்டர் போயிற்று. அது இல்லையென்றால் ஜிசான் அன்சேஃப் என்ற குறுக்குவழியாகக் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமலே ஆப்ஜெக்டை உருவாக்கிவிடும். ஒரு பீல்டைச் சேர்த்ததில் மற்ற எல்லாவற்றின் டீஃபால்ட்டும் செத்துவிட்டது. வார்னிங் கிடையாது. கம்பைலருக்கும் தெரியாது. 'நல்' வரவே வராது என்று டைப் சத்தியம் செய்யும் ஸ்டிரிங்கிலும் 'நல்' இருக்கும்; வெடிப்பதோ வேறு ஏதோ ஸ்கிரீனில்.

-1.0 மட்டும் என்ன யோக்கியம்? அதையும் ஒருவர் சராசரியில் கூட்டத்தான் போகிறார்.

நவம்பர் 7

லேப் போர்ட்டலில் 'பரிசோதனையில் உள்ளது'. இந்தப் பக்கத்துக்குப் பின்னாலும் ஒரு ஜேசான் இருக்கும்.

நவம்பர் 8

பார்த்தேன். ரிசல்ட் 'நல்'. காலி ஸ்டிரிங்கூட இல்லை.

நவம்பர் 10

மீட்டிங்கில் ஒரு மணி நேரச் சண்டை. ஜிசானை விட்டு மோஷி லைப்ரரிக்கு மாறினால் போதும் என்கிறார் லீட். மாறலாம், எத்தனையாவது என்ட்ரியில் எந்தப் பீல்டு இல்லை என்று இடத்தோடு சொல்லிவிட்டுத்தான் நிற்கும். ஆனால் நிற்பதே பிரச்சினை. ஒரு அம்மாவின் பாலை அளக்கவில்லை என்பதற்காக ஊர் முழுக்க வெள்ளை ஸ்கிரீன் பார்க்க வேண்டுமா? சர்வர் அனுப்புவதை அப்படியே வாங்க ஒரு கிளாஸ், எல்லாம் நல்லபிள், எதிலும் 'நல்' வரலாம். அதிலிருந்து நம்முடைய டைப்புக்கு மாற்றித் தர ஒரு மேப்பர். அங்கே ஃபேட் ஒரு சீல்டு கிளாஸ், இரண்டே வகை: அளந்தது, அளக்காதது. அளக்காததற்குத் தொகை கேட்டால் கம்பைலே ஆகக்கூடாது. "ஓவர் என்ஜினியரிங்" என்றார். கொஞ்சம் கத்திவிட்டேன் போல.

அம்மா இரண்டு தடவை போன் செய்திருக்கிறாள்.

நவம்பர் 11

ஐஎச்சி என்று, திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட் போட வேண்டுமாம். இன்னும் சில நாள். ஏன் என்று கேட்டால் "டாக்டர்கிட்ட கேளுங்க சார்".

சர்வர் டீம் ஸ்டேட்டஸில் 'மறு பரிசோதனை' என்று புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. பழைய ஆப்பின் 'ஈனம்' (enum, அனுமதித்த மதிப்புகளின் பட்டியல்) அதை அறியாது. பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தால் ஜிசான் என்ன தரும்? 'நல்'தான். ஆகமொத்தம் எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது.

நவம்பர் 12

"அந்தப் பால்காரம்மாவுக்குக் காசு வந்துதா?" அப்பா கேட்கிறார், தினமும். ரிலீஸ் போகணும்ப்பா என்றேன். "ரிலீஸ் போற வரைக்கும் மாட்டுக்குத் தீவனம் யாரு போடுவா?"

நவம்பர் 13

மேப்பர் டெஸ்ட் பாஸ். 'நல்', பீல்டே இல்லாதது, காலி ஸ்டிரிங் மூன்றும் 'அளக்காதது' ஆகிறது. ஷிப்டுக்கும் எழுத ஆரம்பித்தேன், பாதியில் லேபிலிருந்து போன். நேரில் வரச் சொல்கிறார்கள்.