ஆய்வகச் சாவி யாரிடம்? – பி.எட். பயிற்சியில் ஜியோஜீப்ராவுடன் பட்டபாடு

பி.எட். இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்களுக்காக, அதிலும் வகுப்பில் ஒருமுறையாவது கணினியை வைத்துப் பாடம் நடத்திவிட வேண்டும் என்று எண்ணியிருக்கும் கணிதப் பிரிவினருக்காக இதை எழுதுகிறேன். ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருளைப் பழகிக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆகவில்லை. அதை மாணவர் முன் திறப்பதற்குள்தான் பயிற்சிக் காலத்தில் பாதி கரைந்துவிட்டது. கல்வியியல் ஆய்வாளர்களான புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் முன்வைத்த டிபேக் (TPACK) சட்டகத்தைத் தேர்வில் நாம் அனைவரும் மூன்று வட்டங்களாக வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழில்நுட்ப அறிவு ஆகிய அந்த மூன்றும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நல்லாசிரியர் நிற்கிறார் என்று எழுதினோம். பள்ளிக் கணினி ஆய்வகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்னும் அறிவுக்கு அந்தப் படத்தில் ஒரு வட்டமும் இல்லை.

எனக்குக் கிடைத்தது ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி; ஒன்பதாம் வகுப்பு, தமிழ்வழி. நுண்ணிலைக் கற்பித்தல் (ஒரு திறனை மட்டும் சில நிமிடங்களில் பழகும் சிறு பயிற்சி), முதல் சில பாடக்குறிப்புகள் ஆகியவை சிக்கலின்றி முடிந்தன. வழிகாட்டி ஆசிரியர் பொறுமையானவர். முக்கோணத்தின் செங்கோட்டு மையத்தையும் (குத்துக்கோடுகள் மூன்றும் சந்திக்கும் புள்ளி) நடுக்கோட்டு மையத்தையும் (நடுக்கோடுகள் மூன்றும் சந்திக்கும் புள்ளி) ஜியோஜீப்ராவில் காட்டுகிறேன் என்று நான் சொன்னபோதுதான் கதை தொடங்கியது. ஆய்வகப் பொறுப்பாசிரியர், பயிற்சி ஆசிரியர்கள் ஆய்வகத்தைப் பயன்படுத்தலாம் என்று எங்கள் கல்லூரிக் கடிதத்தில் ஒரு வரி இல்லையே என்றார். கல்லூரியில் கேட்டால், பள்ளிக்குள் நடப்பதற்கெல்லாம் நாங்கள் கடிதம் தர முடியாது, கல்வி அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அலுவலகத்தில் உரிய பிரிவின் எழுத்தர் என் விண்ணப்பத்தைக் கையில் வாங்காமலேயே படித்துவிட்டு, கண்காணிப்பாளர் விடுப்பில் இருப்பதாகவும் அவர் வந்ததும் வருமாறும் சொன்னார். அவர் வந்த பிறகு போனபோது, இதற்கு இங்கே அனுமதி என்று எதுவும் கிடையாது, தலைமையாசிரியரே முடிவு செய்யலாம் என்று இரண்டே வாக்கியங்களில் அனுப்பிவிட்டார். இதை எழுத்தரே முதல் நாளில் சொல்லியிருக்கலாம். பேருந்துக் கட்டணத்தைவிட, அந்தப் பயணங்களுக்காகப் போட்ட விடுப்பை ஈடுகட்ட வேண்டியிருந்ததுதான் எரிச்சலாக இருந்தது.

ஆகவே முதல் அறிவுரை: பயிற்சிக்குச் சேரும் முதல் நாளிலேயே, தலைமையாசிரியரிடம் சேர்க்கைக் கடிதத்தில் கையொப்பம் வாங்கும் அந்த நேரத்திலேயே, ஆய்வகத்தையும் திறன் வகுப்பறையையும் பயன்படுத்த அனுமதி கோரும் இன்னொரு தாளையும் நீட்டிவிடுங்கள். வகுப்பு, பாடவேளை, தலைப்பு, வழிகாட்டி ஆசிரியர் உடனிருப்பார் என்ற உறுதி ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும். எங்கள் தலைமையாசிரியர் அம்மா அதைப் படித்து முடிக்க எடுத்துக்கொண்டது தேநீர் ஆறும் நேரம்கூட இல்லை; ‘பதிவேட்டில் எழுதிவிட்டுப் பயன்படுத்துங்கள்’ என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அனுமதி கிடைத்தாலும் ஆய்வகம் கிடைத்துவிடாது. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்றால் பாடம் நடக்கும் இடம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடைமுறையில் இணையவழி மதிப்பீடுகள், பதிவேற்றப் பணிகள், அவசரமாகக் கேட்கப்படும் புள்ளிவிவரங்கள் என்று ஏதாவது ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். நான் குறித்து வைத்த பாடவேளை இப்படி இருமுறைக்கு மேல் பறிபோனது. மதிப்பீட்டு அட்டவணையை முன்கூட்டியே பொறுப்பாசிரியரிடம் கேட்டு, அதற்கு மறுநாளில் உங்கள் பாடவேளையை வைத்துக்கொள்வது நல்லது. அப்போது கணினிகள் எல்லாம் ஓடும் நிலையில் இருக்கும், ஓடாதவை எவை என்பதும் தெரிந்திருக்கும்.

பாடநூலில் 2018 முதல் அச்சாகிவரும் கியூ.ஆர். குறியீடுகளையும், கணித நூலில் உள்ள ‘இணையச் செயல்பாடு’ பக்கங்களையும் நம்பித்தான் நான் முதலில் திட்டமிட்டேன். அவை நல்லவையே, குறியீட்டை ஸ்கேன் செய்ய முடியாவிட்டால் அதன் கீழே அச்சிட்டிருக்கும் ஆறெழுத்துக் குறியீட்டை, அரசின் இணையவழிப் பாடங்கள் உள்ள தீக்‌ஷா தளத்தில் தட்டினாலும் பாடப்பொருள் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் இணையம் வேண்டும், அதுவும் பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் வேண்டும். பள்ளி இணைப்பு சுற்றிக்கொண்டே இருக்க, என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை இணைத்தபோது, மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரத் தடை இருக்கும் இடத்தில் நீங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது சரியல்ல என்று அவ்வழியே போன மூத்த ஆசிரியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு இணையத்தை நம்புவதை விட்டேன். ஜியோஜீப்ரா தளத்தில் உள்ள பயிற்சித்தாள்களைக் கோப்பாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். கிளாசிக் பதிப்பு இணையமின்றியே அவற்றைத் திறக்கும். ஆய்வகக் கணினியில் புதிதாக எதையும் நிறுவக் கடவுச்சொல் கேட்கும், அந்தக் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்பதால், நிறுவாமலேயே ஓடக்கூடிய போர்ட்டபிள் வடிவத்தைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டேன். பென்டிரைவைச் செருக வைரஸ் பயத்தால் தயங்கினார்கள். பொறுப்பாசிரியர் முன்னிலையில் அவருடைய கணினியிலேயே ஸ்கேன் செய்துகாட்டிய பிறகு சம்மதித்தார். இதற்கும் ஒரு நாள் முன்பாகவே போய்விடுங்கள்; மணியடித்த பிறகு இந்தப் பேச்சுவார்த்தை நடத்த முடியாது.

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை. மூத்த மாணவர்கள் ‘மாதிரி’ என்று கொடுத்த பி.பி.டி. கோப்புகள் பாமினியில் தட்டச்சானவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘முக்கோணம்’ என்ற தலைப்பு ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறித் தெரியும், வகுப்பு சிரிக்கும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்றது 2010இல். இத்தனை ஆண்டு கழித்தும் கல்வியியல் கல்லூரிகளின் வட்டாரத்தில் பாமினிக் கோப்புகள் கைமாறிக்கொண்டிருப்பது வியப்புதான். எல்லாவற்றையும் ஒருங்குறியில் தட்டச்சு செய்து, கூடவே பி.டி.எஃப். ஆகவும் ஒரு படி சேமித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது பன்னிரண்டாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினி. பள்ளிப் புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. மட்டுமே இருந்தது. கேபிளும், எச்.டி.எம்.ஐ. மாற்றியும், நீளமான மின்னிணைப்புப் பலகையும் சொந்தமாக வைத்திருப்பவரை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பாது என்பது என் அனுபவம்.

கடைசியில் வகுப்பு நடந்தது. ஒரு கணினிக்கு நான்கு பேர் என்று உட்கார வைத்துவிட்டு, முன்திரையில் ஒரு முக்கோணத்தையும் அதன் மூன்று குத்துக்கோடுகளையும் போட்டேன். கரும்பலகையில் நாம் பெரும்பாலும் குறுங்கோண முக்கோணத்தையே வரைகிறோம், மாணவர்களும் காம்பஸ் வைத்து அதையே வரைகிறார்கள். அதனால் செங்கோட்டு மையம் என்றால் எப்போதும் உள்ளே இருக்கும் ஒரு புள்ளி என்ற எண்ணம் அவர்களுக்குள் உறைந்துவிடுகிறது. உச்சி ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கோணம் 90 பாகையைத் தொட்டபோது செங்கோட்டு மையம் அந்த உச்சியிலேயே போய் ஒட்டிக்கொண்டது, இன்னும் கொஞ்சம் இழுத்ததும், பின்வரிசையிலிருந்து “டீச்சர், புள்ளி வெளிய ஓடிப்போச்சு!” என்று ஒரு சிறுமி கத்தினாள். அப்படியானால் நடுக்கோட்டு மையமும் ஓடுமா என்று நான் கேட்க, அடுத்த பத்து நிமிடம் எல்லாக் கணினிகளிலும் முக்கோணங்களை நசுக்கியும் நீட்டியும் பார்த்தார்கள். எவ்வளவு நசுக்கினாலும் அது உள்ளேயே இருந்தது. ஏன் என்பதை நடுக்கோடுகள் மூன்றும் முக்கோணத்துக்குள்ளேயே கிடப்பதைக் காட்டி ஒரு மாணவனே சொன்னான். சுண்ணக்கட்டியில் இதற்கு எத்தனை படம் வரைய வேண்டியிருக்கும் என்று வழிகாட்டி ஆசிரியர் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்.

தொல்லைகளும் இருந்தன, அவற்றையே முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூன்று கோணங்களையும் அளந்து காட்டியபோது ஒரு முக்கோணத்தில் கூடுதல் 180.01 என்று வந்தது. ஒரு பையன் உடனே தாளில் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினான். மென்பொருள் இயல்பாக இரண்டு தசம இடங்களுக்கு முழுமையாக்கிக் காட்டுவதால் வரும் வேறுபாடு அது. அமைப்புகளில் தசம இடங்களைக் கூட்டிவிடலாம். ஆனால் கூட்டாமல் விட்டு, முழுமையாக்கல் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது இன்னும் பயனுள்ளது என்பேன். கோணக் கருவியில் புள்ளிகளைச் சொடுக்கும் வரிசை மாறினால் 60க்குப் பதில் 300 பாகை காட்டும். முக்கோணத்தின் உச்சிகளைக் கடிகார முள் சுற்றும் திசையில் சொடுக்கினால் சரியாகும். குத்துக்கோட்டைக் கண்ணளவில் வரையாமல், செங்குத்துக்கோட்டுக் கருவியையும் வெட்டுப்புள்ளிக் கருவியையும் கொண்டே அமைக்க வேண்டும். சக பயிற்சி ஆசிரியர் ஒருவர் கண்ணளவில் வைத்த புள்ளி, உச்சியை இழுத்தவுடன் கோட்டை விட்டுத் தனியாக நின்றுவிட்டது. திறன் பலகையில் விரல் வைத்த இடம் ஒன்று, கோடு விழும் இடம் ஒன்றாக இருந்தால் பலகை கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அளவுத்திருத்தம் செய்யும் வசதி அதன் அமைப்புகளிலேயே இருக்கும், வகுப்புக்கு முன் செய்துவிட வேண்டும்.

பாடம் முடியச் சற்று நேரம் மிஞ்சியதால் சுற்றுவட்ட மையத்தையும் சேர்த்துப் போட்டு, மூன்று மையங்களும் ஒரே நேர்கோட்டில் வருவதையும், செங்கோட்டு மையத்தையும் சுற்றுவட்ட மையத்தையும் இணைக்கும் துண்டை நடுக்கோட்டு மையம் 2:1 என்று பிரிப்பதையும் காட்டினேன். ஆய்லர் கோடு எனப்படும் இந்த நேர்கோடு பாடத்திட்டத்தில் இல்லையே என்று மேற்பார்வைக்கு வந்திருந்த கல்லூரிப் பேராசிரியர் குறிப்பில் எழுதிவிட்டார். மாணவர்கள் சமபக்க முக்கோணத்தில் கோடே காணாமல் போவதைத் தாங்களாகக் கண்டுபிடித்ததை அவர் எழுதவில்லை.

மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வது என்று பாடக்குறிப்பிலேயே ஒரு பத்தி சேர்த்திருந்தேன்: அட்டையில் வெட்டிய மூன்று வகை முக்கோணங்கள், மடித்துக் காட்டக் காகிதம். அன்று மின்சாரம் போகவில்லை, ஆனால் செய்முறைத் தேர்வுக்கு வந்த புறத்தேர்வாளர் என் பதிவேட்டில் பாராட்டியது அந்தப் பத்தியை மட்டும்தான். மற்றபடி அவருடைய கவனமெல்லாம் பி.பி.டி. பக்கங்கள் வண்ணத்தில் அச்சிடப்பட்டு ஒட்டப்பட்டிருக்கின்றனவா, பின்னட்டையில் குறுந்தகடு இருக்கிறதா என்பதில் இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த அறையில் குறுந்தகட்டைத் திறக்கும் கணினி ஒன்றும் இல்லை. ஆனாலும் உறைக்குள் தகடு இல்லாத தோழியை மறுநாள் வரச்சொல்லிவிட்டார்கள். கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இன்னும் குறுந்தகடு பதிந்து தருகிறார்கள். தேர்வு வாரத்தில் அங்கே வரிசை தெருவுக்கு வந்துவிடும் என்பதால் அதற்கு முந்தைய வாரமே முடித்துக்கொள்ளுங்கள், தகட்டின் மேல் பெயரையும் பதிவெண்ணையும் அழியாத பேனாவில் எழுதிக்கொள்ளுங்கள்.