நியூரான் சாகாமலே நோய் வரும்: வைரஸ் பாடத்தைத் தேர்வுக்குப் படிக்கும் முறை

வைரஸ் பெருகும், செல் சிதையும், நோய் வரும் என்று எல்லாத் தொற்றையும் ஒரே வாய்ப்பாட்டில் எழுதுவதால்தான் இந்தப் பாடத்தில் மதிப்பெண் குறைகிறது. செல் உயிரோடு இருக்கச் செய்யும் வேலைகள் வேறு. நியூரானுக்கே (நரம்பு செல்லுக்கே) உரிய வேலைகளான நரம்புக்கடத்தி தயாரிப்பு, சினாப்ஸ் (இரு நியூரான்கள் சந்திக்கும் இடம்) வழித் தொடர்பு வேறு. முன்னது குலையாமல் பின்னது மட்டும் குலையலாம். விடையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

சான்றாக, 1970களில் வைரஸ் ஆய்வாளர் மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் குழுவினர் எல்சிஎம் வைரஸை (எலிகளைத் தொற்றும், மூளையுறை அழற்சி தரும் வைரஸ்) வைத்துச் செய்த ஆய்வே போதும். நெடுநாள் தொற்றுள்ள நியூரோபிளாஸ்டோமா செல்கள் (ஆய்வகத்தில் வளர்க்கும் நரம்புப் புற்றுச் செல்கள்) வழக்கம்போல வளர்ந்தன, பிரிந்தன. ஆனால் அசிட்டைல்கோலின் என்ற நரம்புக்கடத்தியைத் தயாரிக்கும் நொதியும் சிதைக்கும் நொதியும் குறைந்தன. இப்படி ஒரு சோதனையை வடிவமைக்கச் சொன்னால், நொதியின் செயல்திறனை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும்; தொற்றில்லாத செல்களின் அளவையும் பக்கத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால், செல் எண்ணிக்கை குறைந்ததால் நொதியும் குறைந்தது என்று எளிதில் மறுத்துவிடலாம். எத்தனை சதவீதச் செல்களில் வைரஸ் இருக்கிறது என்பதை, வைரஸ் புரதத்தில் ஒட்டி ஒளிரும் ஆன்டிபாடியால் காட்டுவதும் அவசியம். பலரும் விட்டுவிடும் படி இது.

இதே வைரஸில்தான் தேர்வில் மாட்டவைக்கும் பெரிய பொறியும் இருக்கிறது. வளர்ந்த எலியின் மூளைக்குள் செலுத்தினால் சுமார் ஒரு வாரத்தில் எலி இறக்கிறது. கொல்வது வைரஸ் அல்ல, எலியின் சொந்த சிடி8 டி செல்கள் (தொற்றுள்ள செல்களைத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள்). பிறந்த குட்டிக்குச் செலுத்தினால் டி செல்கள் அதை எதிர்ப்பதில்லை, வைரஸ் ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. ஆகவே கேள்வியில் வைரஸின் 'நேரடி விளைவு' என்றிருந்தால், வளர்ந்த எலியை உதாரணமாக எழுதவே கூடாது.

நியூரான் சாகாமல் வரும் நோய்க்குப் போலியோவும் உதாரணமாகப் பொருந்தாது; அது முதுகுத்தண்டின் முன்கொம்பு நியூரான்களையே அழிக்கிறது. எச்ஐவி நியூரானுக்குள் பெருகுவதாக எழுதுவதும் தவறு. அது தங்குவது பெரும்பாலும் மைக்ரோக்ளியா, மேக்ரோபேஜ் ஆகிய நோய் எதிர்ப்புச் செல்களில். அங்கிருந்து வெளியாகும் ஜிபி120, டாட் போன்ற வைரஸ் புரதங்கள் நியூரானைப் பாதிக்கின்றன.

ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) இதற்கு நல்ல உதாரணம். நோய் அத்தனை கடுமையாக இருந்தும் மூளையில் செல் அழிவு ஒப்பீட்டளவில் குறைவு. படம் வரைந்தால் வைரஸின் பயணத்தை ஆக்ஸான் (நியூரானின் நீண்ட இழை) முனையிலிருந்து செல் உடலை நோக்கிக் காட்டுங்கள். நெக்ரி பொருள்களை (ரேபிஸ் தொற்றிய நியூரானில் தெரியும் திரள்கள்) சைட்டோபிளாசத்தில் வரையுங்கள், உட்கருவுக்குள் அல்ல.