28 டிகிரியில் வந்த முகம்

இஸ்திரிக்கார அண்ணனின் முகம் இந்த முறை நெகட்டிவில் விழுந்துவிட்டது! மந்தைவெளியில், வேப்பமரத்தடி வண்டிக்குப் பின்னால் வெள்ளை பனியனோடு நிற்பவர். முன்னால் மடித்து அடுக்கிய வேட்டிகள், மேலே உச்சி வெயில். இதற்கு முன் எடுத்த ரோல்களில் துணியெல்லாம் மடிப்புகூடத் தெரியாமல் வெளுத்தது, முகம் இருண்டுபோனது. இதில் வேட்டிக் கரையும் தெரிகிறது, அவர் கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கமும் தெரிகிறது.

நான் கதை எழுதுகிறவன். ஆனால் பேனாவுக்கு முன்பே கைக்கு வந்தது வீட்டிலிருந்த அக்ஃபா கிளிக் 3, அதில் ஊட்டியில் தயாரான 'இந்து' (Indu) பிராண்ட் ஃபிலிம். அன்று முதல் இன்று வரை படம் என்றால் எனக்கு ஒருவர் மனதில் இருப்பதை இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். அழகெல்லாம் அப்புறம். முகம் இருண்ட படத்துக்குக் கீழே நாலு வரி எழுதி ஈடுகட்ட எனக்கு மனம் வராது. எழுத்துக்கு எழுத்தின் வேலை, படத்துக்குப் படத்தின் வேலை.

நம் மக்களின் நிறம், நாம் உடுத்தும் வெள்ளை, நம் வெயில் மூன்றும் ஒரே ஃபிரேமுக்குள் வந்தால் ஒளி அளக்கும் மீட்டர் காட்டுவது உதவாது. எச்பி5 கருப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு, முகத்தருகே மீட்டரைக் கொண்டுபோய் அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் மட்டும், அதாவது ஒளியைப் பாதியாகக் குறைக்கிறேன். வேட்டியின் வெளிச்சம் எவ்வளவு மேலே போனாலும் போகட்டும், அதை டெவலப்பரில், அதாவது ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் கரைசலில், இழுத்துப் பிடிக்கலாம். இந்தப் பாதி எப்போதோ கைவந்துவிட்டது. அடுத்த பாதியான டெவலப் செய்வதைத்தான் சென்னைச் சூடு விடவில்லை.

டெவலப் செய்ய ஃபிலிம் டப்பாவில் போட்டிருப்பது 20 டிகிரி. மே மாதம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் 33-க்குக் குறைவதில்லை. ஐஸ் போட்டு டெவலப்பரை 20-க்கு இறக்கலாம், நிறுத்தி வைக்க முடியாது. ஃபிலிம் சுருள் இருக்கும் சின்ன டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்தும் கைச்சூடே போதும், முடிப்பதற்குள் 23, 24 என்று ஏறிவிடும். ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நேரம் குறைய வேண்டும். ஏறிக்கொண்டே இருப்பதற்கு என்ன கணக்குப் போடுவது? வெளுத்த வேட்டிக்கு இதுதான் காரணம். போதாததற்கு, ஃபிலிமின் மேல்பூச்சான எமல்ஷன் குளிர்ந்திருக்கும்போது அதைச் சுடுதண்ணீரில் கழுவினால் அது சுருங்கி வலைபின்னிக்கொள்ளும்.

தீர்வு இதுதான்: 20-ஐ விட்டுவிட வேண்டும். இரவு பதினொன்றுக்கு மேல் சம்ப்புத் தண்ணீரில் கொஞ்சம் ஃபிரிட்ஜ் தண்ணீர் கலந்தால் 28 வருகிறது. அறையும் 30-ஐ ஒட்டி இருப்பதால் அது அசையாமல் நிற்கிறது. ஃபிலிம் டேங்க், டெவலப்பர், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பில் இறக்கிவிடுகிறேன். ஆனால் 28-ல் வழக்கமான 1+1 கலவை (ஒரு பங்கு டெவலப்பருக்கு ஒரு பங்கு தண்ணீர்) ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், திட்டுத் திட்டாக வரும். அதனால் என் டெவலப்பரான டி-76-ஐ 1+3 ஆக்கினேன். 20 டிகிரியில் 20 நிமிடம் கேட்கும் கலவை, 28-ல் எட்டரை. வெயில் படம் என்பதால் இன்னும் குறைத்து 7 நிமிடம். நிமிடத்துக்கு இரண்டே கவிழ்ப்பு. ரோல் ஒன்றுதான் என்றாலும் 500 மி.லி. ஊற்றுங்கள். 300-ல் டெவலப்பர் சத்து பாதியிலேயே தீர்ந்துவிடும்.

இந்தச் சூட்டில் எமல்ஷன் பாலாடைபோல் இளகியிருக்கும், விரல் பட்டாலே கோடு விழும். ஃபிக்ஸரில் எமல்ஷனை இறுக்க, படிகாரம் சேர்ந்த ஹார்டனர் கட்டாயம் வேண்டும். கடைசி அலசலுக்கு போர் தண்ணீர் கூடவே கூடாது, உப்புக்கறை காய்ந்து வானத்தில் நிற்கும். பெட்ரோல் பங்கில் கிடைக்கும், உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீர் போதும்.

டி-76-ஐ நானே கலக்கிறேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100, ஹைட்ரோகுயினோன் 5, போராக்ஸ் 2. சல்பைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரையாது, அதனால் மெட்டாலுக்கே முன்னுரிமை. கெமிக்கல் கடைகள் நிறைந்த நைனியப்ப நாயக்கன் தெருவில் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும். சில்லறையாகத் தரத்தான் யோசிப்பார்கள். நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

இந்தச் சூட்டோடு போராடும்போது லின்னேயஸ் டிரைப் அடிக்கடி நினைவுக்கு வருகிறார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைக் காகித நெகட்டிவில் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளும் ஒரே படமாக்கினார். படத்தை வரிவரியாக வாசிக்க வைத்த மனிதர்! நான் முகத்தில் தேடுவதும் அந்த வாசிப்பைத்தான்.

அண்ணனின் சோதனை பிரிண்ட்டைச் சின்னதாகப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் மனைவியிடம் நீட்டினார். "ராத்திரி முழுக்க தூங்கலன்னு மூஞ்சிலயே தெரியுது பாரு" என்றார் அந்த அக்கா. படம் எடுத்த நாளன்று அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரிந்திருந்தது, படம் அதைச் சொல்லிவிட்டது. இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஃபைபர் பேப்பரில் பெரிய பிரிண்ட் இன்னும் பாக்கி. இஸ்திரிப் பெட்டியின் கரி இருட்டாகவே நிற்கிறது, பிரிண்ட் போடும்போது அங்கே மட்டும் ஒளியைக் கொஞ்சம் மறைத்து டாட்ஜ் செய்ய வேண்டும். அதற்குள் காசிமேட்டு மீன் ஏலத்தில் எடுத்த ரோல் ஃபிரிட்ஜில் காத்திருக்கிறது. பளபளக்கும் வஞ்சிரம், அதைத் தூக்கும் கைகள். அங்கே வெயில் இன்னும் கடுமை, 7 நிமிடம்கூட அதிகமோ என்று தோன்றுகிறது. ஆறில் ஒரு துண்டு, ஆறரையில் ஒரு துண்டு வெட்டிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொடப்போகிறேன்.