தனி அடிகளும் ஒரு மோகராவும்

நான் தயாரித்த தவில் லைப்ரரி, அதாவது கணினியில் இசையமைப்பவர்கள் தங்கள் பாட்டில் சேர்த்துக்கொள்ளும் தவில் ஒலிகளின் தொகுப்பு, விற்பனைக்கு வந்து நாளாகிவிட்டது. பதிவின்போது வித்வான் கேட்டது மட்டும் என்னை விடவில்லை. "தம்பி, இது விக்கும்போதெல்லாம் எனக்கு ஏதாவது வருமா?"

ஒரே தடவைச் சம்பளம்தான் அண்ணே என்றேன். பேசியதைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன். இந்தத் தொழிலில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். வாங்குகிறவரும் ஒருமுறை பணம் கட்டிவிட்டுத் தன் பாட்டுகளில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்வார்.

பதிவுசெய்த ஒலிகளை விசைப்பலகையில் வாசிக்கவைக்கும் கான்டாக்ட் சாம்ப்ளர் மென்பொருளில் தவிலை ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும். வலந்தலை என்ற வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்களின் அடி, தொப்பி என்ற இடப்பக்கத்தில் கழியின் அடி, ஒவ்வொன்றையும் மெல்லியதிலிருந்து பலமானதுவரை பல அடுக்குகளாக எடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கிலும் அதே அடியைப் பல தடவை வாசிக்கச் சொல்வோம். ரவுண்ட் ராபின் முறையில் அவை மாறி மாறி ஒலித்தால்தான் ஒரு மனிதர் வாசிப்பதாகத் தோன்றும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரம் என்று காது உடனே கண்டுபிடித்துவிடும். அடி முழுதாக அடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. கல்யாணங்களில் மணிக்கணக்காக வாசிப்பவருக்கு இந்தக் காத்திருப்புதான் அலுப்பு. ஒரு கட்டத்தில் பொறுக்கமாட்டாமல் ஒரு மோகராவை, அதாவது தாளக் கணக்கோடு கோத்த சொற்கட்டை, எடுத்துக் கோர்வை என்ற முடிப்போடு முடித்தார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"அதையும் வெச்சுக்க தம்பி. தனித்தனி அடியில என்ன இருக்கு?"

நான் வைக்கவில்லை. தனி அடி என்றால் வாங்கியவர்தான் கணக்குப் போட்டுக் கோக்க வேண்டும். மோகரா அப்படியல்ல, அவருடைய பல வருடச் சாதகம் அது. ஒரு தடவைச் சம்பளத்துக்கு அதை எடுத்துக்கொள்வது சரியில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் வைக்கச் சொன்னவரே அவர்தானே. மோகரா மாதிரி கோத்த சொற்கட்டுகள் இல்லையே என்று வாங்கியவர்கள் கேட்கிறார்கள். அவசரமாகப் பின்னணி இசை முடிக்க வேண்டியவருக்கு அதுதான் தேவை. சேர்த்திருந்தால் இன்னும் விற்றிருக்கும், அவர் பெயரும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு நல்லது செய்வதாக எண்ணி, அவர் முடிவை நான் எடுத்துவிட்டேனோ? அப்புறம், தனி அடியிலும் அவர் கைதானே பேசுகிறது? அதே தவிலை இன்னொருவர் வாசித்தால் அந்த நாதம் வராது.

சமீபத்தில் அவரிடம் பேசினேன். மோகராவைத் தனியாக வெளியிடலாம், விற்பனையில் பங்கு தருகிறேன் என்றேன். சந்தோஷப்பட்டார்.

"சரி தம்பி, அப்ப அந்தத் தனி அடிங்களுக்கு?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.