மாந்தோப்புத் தத்துப்பூச்சிகள்: பூப்பருவக் குறிப்புகள்

ஜனவரி 6, காவேரிப்பட்டினம்

பெங்களூரா ரக மாமரங்களில் பூங்கொத்து நீண்டுவிட்டது. தோப்புக்குள் நுழைந்தாலே தத்துப்பூச்சி முகத்தில் தெறிக்கிறது. மருந்துக்கடையிலும் தோப்பிலும் இதற்கு ஒரே பெயர்தான். ஆனால் தென்னிந்திய மாமரங்களில் முக்கியமாக மூன்று இனங்கள் கலந்து வாழ்கின்றன: அம்ரிடோடஸ் அட்கின்சோனி, இடியோஸ்கோபஸ் கிளைபியாலிஸ், இடியோஸ்கோபஸ் நிவியோஸ்பார்சஸ். மூன்றாவதைப் புதிய பட்டியல்களில் இடியோஸ்கோபஸ் நிடிடுலஸ் என்ற பெயரில் தேட வேண்டும். நிவியோஸ்பார்சஸ் என்பது லெதியெரி 1889இல் வைத்த பெயர், நிடிடுலஸ் என்பது வாக்கர் 1870இல் வைத்தது. இரண்டும் ஒரே பூச்சி என்று ஆனபின் மூத்த பெயருக்கே உரிமை.

பிடிப்பதற்கு விடியற்காலைதான் சரி. பனி விலகும்வரை பூச்சி மந்தமாக இருக்கும். வெயில் ஏறிவிட்டால் கை நெருங்கும்போதே பக்கவாட்டில் நகர்ந்து காம்பின் மறுபுறம் ஒளிந்துகொள்ளும். பெரிய பாலித்தீன் பையைப் பூங்கொத்தின் மேல் மெதுவாகக் கவிழ்த்து, வாயைக் காம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துத் தட்ட வேண்டும். எத்தில் அசிடேட் நனைத்த பஞ்சு ஒன்றை உள்ளே போட்டுப் பத்து நிமிடம் விட்டால் போதும். கண்ணாடிபோல் பளபளக்கும் கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் எத்தில் அசிடேட் பட்டால் டப்பா இளகி, பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீனும் கண்ணாடியும் தாங்கும்.

அடிமரத்துப் பட்டை வெடிப்பில் இருப்பதை உறிஞ்சுகுழலால் எடுத்து வேறு குப்பியில் போடவும். பூங்கொத்து, தளிர், பட்டை மூன்றுக்கும் மூன்று குப்பி. ஒன்றாகக் கொட்டிவிட்டால் எது எங்கே இருந்தது என்பதை எந்த நுண்ணோக்கியும் திருப்பித் தராது.

ஜனவரி 7

முதலில் குடும்பத்தை உறுதி செய்ய வேண்டும். பின்னங்காலின் நீண்ட கணுவில் முட்கள் வரிசை வரிசையாக ஓடினால் இலைத் தத்துப்பூச்சி. கணுவின் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அது நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சியின் குடும்பம். இந்தச் சோதனைக்கு 10 மடங்கு கைலென்ஸ் போதும்.

அடுத்து ஒற்றைக்கண்கள், அதாவது கூட்டுக்கண்களைத் தவிர உள்ள சிறு எளிய கண்கள். மா தத்துப்பூச்சிகள் இடியோசெரினே என்னும் துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தலை அகலம், உடல் பின்னால் போகப் போக ஆப்புபோல் ஒடுங்கும். ஒற்றைக்கண்கள் இரண்டும் முகத்தில், கூட்டுக்கண்களுக்கு நடுவே இருக்கும். மேலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு அவை தெரியாது, பூச்சியைத் திருப்பி முகத்தை நேராகப் பார்க்க வேண்டும்.

இனி மூன்றையும் பிரிப்பது. பார்க்க வேண்டிய இடம் ஸ்கூட்டெல்லம், அதாவது முதுகில் இறக்கைகள் தொடங்கும் இடத்திலுள்ள முக்கோணத் தகடு.

அம்ரிடோடஸ் அட்கின்சோனிதான் மூன்றிலும் பெரியது, மூடிய இறக்கை நுனிவரை அளந்தால் 5 மி.மீ.யை நெருங்கும். வெளிர் பழுப்பு நிறம். ஸ்கூட்டெல்லத்தில் இரண்டு புள்ளிகள்.

கிளைபியாலிஸ் சிறியது, 3.5 மி.மீ. அளவு. அதற்கும் ஸ்கூட்டெல்லத்தில் இரண்டு புள்ளிகள்தான். கூடுதலாக உச்சந்தலையில் கரும்புள்ளிகள் இருக்கும்.

நிவியோஸ்பார்சஸ் இரண்டுக்கும் இடைப்பட்டது. ஸ்கூட்டெல்லத்தில் மூன்று புள்ளிகள், வெளிர் பழுப்பு இறக்கையின் குறுக்கே எடுப்பான வெள்ளைப் பட்டை.

படிக்கும்போது எளிதாகத்தான் தோன்றும். சிக்கல் அளவில் வருகிறது. எல்லா இனத்திலும் பெண் ஆணைவிடப் பெரியது. கிளைபியாலிஸ் பெண்ணையும் நிவியோஸ்பார்சஸ் ஆணையும் பக்கத்தில் வைத்தால் நீள வித்தியாசம் கரைந்துவிடும். "பெரியது", "சிறியது" என்பதை வைத்து மட்டும் யாரும் பெயர் எழுதக்கூடாது. முதலில் ஆணா பெண்ணா என்று பிரித்துவிட்டு, ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் ஒப்பிட வேண்டும். பெண்ணைக் கண்டுபிடிப்பது சுலபம்: மல்லாத்தினால் அடிவயிற்றின் நடுக்கோட்டில் நீண்ட முட்டையிடும் குழல் தெரியும்.

இறக்கைப் பட்டையும் ஏமாற்றும். தத்துப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற கழிவு ஒழுகிய கொத்திலிருந்து எடுத்த பூச்சியில் பிசினும் கரும்பூசணமும் படிந்து பட்டை மறைந்திருக்கும். 70% ஆல்கஹாலில் போட்டு மென்தூரிகையால் தடவிக் கழுவிய பிறகே பார்க்கவும்.

ஜனவரி 8

ஆல்கஹாலில் கிடந்தால் பச்சையும் மஞ்சளும் வெளுக்கும், கறுப்பும் பழுப்பும் நிற்கும். உயிரோடு இருக்கும்போதே மேலிருந்து ஒரு படம், முகத்துக்கு நேராக ஒரு படம் எடுத்துவிடுங்கள். முகப்படம் இல்லாத பதிவுகளால் பெரிய பயனில்லை.

ஜனவரி 12

ஊசியை நேராக உடலில் குத்தக்கூடாது, ஸ்கூட்டெல்லமே உடைந்துபோகும். கெட்டி வெள்ளை அட்டையில் 8 மி.மீ. நீள முக்கோணங்கள் வெட்டி, அகன்ற பக்கத்தில் பூச்சி ஊசியைக் குத்தி, கூர்நுனியைச் சற்றே கீழே மடக்கி, அதில் கடுகளவுகூட இல்லாத பசை தொட்டு, பூச்சியின் மார்பு வலப்பக்கத்தை ஒட்ட வேண்டும். இடப்பக்கம், முகம், முதுகு, வயிற்று நுனி நான்கும் திறந்திருக்க வேண்டும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசைதான் நல்லது, பின்னால் கழற்ற நேரும். உடனடியாக ஒட்டும் சூப்பர் பசை வெள்ளையாகப் புகை படியும், கழற்றவும் முடியாது.

ஜனவரி 20

வெளி அடையாளத்தில் சந்தேகம் வந்தால் ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்காமல் முடிவு இல்லை. காரணம் உண்டு. மாமரத்தில் இந்த மூன்றோடு கதை முடிவதில்லை. இடியோஸ்கோபஸ் நாக்பூரென்சிஸ் போன்ற வேறு இனங்களும் இருக்கின்றன. அட்கின்சோனியின் நெருங்கிய உறவான அம்ரிடோடஸ் பிரெவிஸ்டைலஸைப் பெங்களூர் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகத்துப் பூச்சியியலாளர் சி. ஏ. விரக்தமத் 1976இல் விவரித்தார். நிறத்தை வைத்துப் பார்த்தால் நெருங்கிய இனங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும். உள் உறுப்பு அப்படிக் குழப்பாது. பெங்களூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் கிருஷ்ணகிரித் தோப்புகளில், இரண்டு புள்ளி கண்டவுடன் "அட்கின்சோனி" என்று எழுதுவது அவசரம் என்பதே என் உறுதியான கருத்து.

செய்முறை. உலர்ந்த பூச்சியானால் மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சின் மேல் ஓரிரவு வைத்து இளக்கவும். மெல்லிய ஊசியால் வயிற்றை அடிப்பகுதியில் தொட்டுப் பிரித்து எடுக்கவும். 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கினால் 10% கரைசல். வில்லையைத் தண்ணீரில் போட வேண்டும், வில்லை மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடவேண்டாம்.

வயிற்றுப் பகுதியைக் கரைசலில் ஓரிரவு அறை வெப்பத்தில் விடலாம். அவசரமானால் சோதனைக் குழாயில் இட்டு, சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் 5 முதல் 10 நிமிடம் நிறுத்தலாம். குழாயை நேராகத் தீயில் காட்டினால் கரைசல் பொங்கி வயிறும் சேர்ந்து வெளியே பறக்கும். சதை கரைந்து கூடு ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் இருமுறை, பிறகு இரண்டு சொட்டு வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை கழுவவும். கழுவல் குறைந்தால் மிஞ்சிய காரம் தொடர்ந்து அரிக்கும், சில மாதத்தில் உறுப்பே கண்ணுக்குத் தெரியாமல் போகும். அளவுக்கு மீறி ஊறினாலும் அதே கதிதான்.

குழிவான கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு அதில் வைத்துப் பார்க்கவும். பார்க்க வேண்டியவை: பக்கவாட்டுத் தகடான பைகோஃபர், கீழ்த் தகடுகள், இணையாக உள்ள பற்றுறுப்பான ஸ்டைல், இவற்றை இணைக்கும் தகடான கனெக்டிவ், நடுவிலுள்ள புணர்ச்சி உறுப்பான ஈடியகஸ். இடியோஸ்கோபஸில் ஈடியகஸ் தண்டிலிருந்து முட்போன்ற நீட்சிகள் இணை இணையாகக் கிளம்பும். எத்தனை இணை, தண்டின் எந்த உயரத்தில் கிளம்புகின்றன, எந்தப் பக்கம் வளைகின்றன என்பவைதான் இனத்தைச் சொல்லும்.

இங்கே பலர் சறுக்குவது பார்வைக் கோணத்தில். பக்கவாட்டில் பார்த்தால் ஒரு இணையின் இரு முட்களும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே முள்ளாகத் தெரியும். பின்புறமிருந்தும் பார்த்து வரைந்தால்தான் எண்ணிக்கை சரியாக வரும். மூடு சில்லை அழுத்தி வைத்தால் முட்கள் சாய்ந்து வளைவே மாறிவிடும். பார்க்கும்வரை மூடு சில் வேண்டாம்.

வேலை முடிந்ததும் வயிற்றுப் பகுதியைக் கிளிசரின் உள்ள நுண்குப்பியில் இட்டு, அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்தி வைக்கவும். தனித் தட்டில் வைத்தால் எந்த வயிறு எந்தப் பூச்சியுடையது என்று ஒரு வாரத்தில் தெரியாமல் போகும்.

பிப்ரவரி 3, சந்தூர்

குஞ்சுகளை வைத்து இனம் சொல்வதைத் தவிர்க்கவும். பெயர் வேண்டுமானால் வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். தளிர்க் காம்பைத் தண்ணீர்க் குப்பியில் செருகி, காம்பைச் சுற்றிப் பஞ்சு அடைத்து (இல்லாவிட்டால் குஞ்சு தண்ணீரில் விழும்), மேலே சிமினிக் கண்ணாடியைக் கவிழ்த்து, வாயில் மல்துணி கட்டவும். முட்டை 4 முதல் 7 நாளில் பொரியும், குஞ்சுப் பருவம் 8 முதல் 13 நாள். கழற்றிப்போட்ட தோலையும் அதே ஊசியில் ஒட்டி வைத்தால் பின்னாளில் ஒப்பிட உதவும்.

அன்றே தோலுரித்த வளர்ந்த பூச்சி வெளுத்திருக்கும், புள்ளிகள் ஏறியிருக்காது. ஒரு நாள் உயிரோடு விட்டுவைத்துப் பிறகு கொல்லவும்.

இன்னொரு எச்சரிக்கை ஒட்டுண்ணி பற்றியது. டிரைனிட் குளவி, பிபன்குலிட் ஈ, ஸ்டைலோப்ஸ் என்னும் ஒட்டுண்ணிப் பூச்சி ஆகியவை தாக்கிய ஆணில் பிறப்புறுப்பு முழுதாக வளராமல் சுருங்கிப் போகக்கூடும். விலா ஓரத்தில் பை போன்ற வீக்கமோ, வயிற்று வளையங்களுக்கு நடுவில் பழுப்பு மொட்டோ தெரிந்தால் அந்த ஆணை அடையாளத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. இது தெரியாமல் அவசரப்பட்டால் "புதிய இனம்" என்று ஒன்றை எழுதிவிடலாம்.

பிப்ரவரி 15, பாரூர் ஏரிப்பாசனம்

மாமரத்தை விட்டு நெல்லுக்கு. விளக்குப்பொறியில் பச்சைத் தத்துப்பூச்சி குவிந்திருக்கிறது. நெஃபோடெட்டிக்ஸ் விரெசென்ஸ், நெஃபோடெட்டிக்ஸ் நிக்ரோபிக்டஸ் இரண்டும் கலந்தே விழும். நெல்லின் துங்ரோ என்னும் வைரஸ் நோயைப் பரப்புவதில் விரெசென்ஸ் முதன்மையானது என்பதால் எண்ணிக்கையைத் தனித்தனியாக எழுதுவது அவசியம்.

தலையின் முன்விளிம்பை ஒட்டிக் கறுப்புக் கோடு ஓடினால் நிக்ரோபிக்டஸ். விரெசென்ஸுக்கு அந்தக் கோடு இல்லை. ஆணின் இறக்கை நடுவிலுள்ள கரும்புள்ளி நிக்ரோபிக்டஸில் உள்பக்க மடிப்புக் கோட்டைத் தொடும், விரெசென்ஸில் பெரும்பாலும் தொடாமல் நிற்கும். புள்ளியின் நீட்சி மாறக்கூடியது, ஆகவே தலைக் கோட்டுக்கே முதலிடம் கொடுங்கள். பெண்ணில் இறக்கைப் புள்ளியை நம்பவே வேண்டாம்.

அதே தட்டில் வெள்ளையாக, உச்சியில் ஒரு கரும்புள்ளியோடு இருப்பது கோஃபனா ஸ்பெக்ட்ரா. இறக்கையில் பழுப்பு நெளிகோடு இருந்தால் ரெசிலியா டார்சாலிஸ்.

பிப்ரவரி 17, பாலக்கோடு

கத்தரி. இலைக்கடியில் பச்சையாக, ஒவ்வொரு முன்னிறக்கையின் பின்பகுதியிலும் ஒரு கரும்புள்ளி இருந்தால் அம்ராஸ்கா பிகட்டுலா. இறக்கை மூடியிருக்கையில் முதுகு நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் ஹிஷிமோனஸ், சிற்றிலை நோயின் கடத்தி. பக்கத்து நிலக்கடலையில் இறக்கைப் புள்ளி இல்லாத பச்சைப் பூச்சி எம்போஸ்கா வகை. அதை இனம்வரை கொண்டுபோக ஆணை அறுத்துப் பார்த்தே ஆகவேண்டும்.

மார்ச் 2, காவேரிப்பட்டினம்

பிஞ்சு பிடித்துவிட்டது. பூங்கொத்தில் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது, பட்டை வெடிப்பில் இன்னும் இருக்கிறது. பட்டையில் பருவம் கடந்தும் தங்குவது பெரும்பாலும் அட்கின்சோனி. பூங்கொத்தை மட்டும் எண்ணுகிறவருக்கு இது கணக்கிலேயே வராது. அடுத்த பூப்புக்கு முன் எங்கே மருந்து படவேண்டும் என்பது இந்தக் கணக்கைப் பொறுத்தது என்பதால், பட்டையில் எடுத்ததற்குத் தனிப் பத்தி.

சீட்டில் எழுத வேண்டியவை இந்த வரிசையில்: மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நாள், பிடித்தவர். இரண்டாவது சீட்டில் மரத்தின் ரகமும் பாகமும்: பெங்களூரா பூங்கொத்து, நீலம் தளிர், செந்தூரா பட்டை என்று. மூன்றாவது சீட்டில் இனப்பெயர், தீர்மானித்தவர், ஆண்டு. அறுத்துப் பார்க்காத பெண்ணுக்கும் குஞ்சுக்கும் பேரினத்தோடு நிறுத்தி, பக்கத்தில் கேள்விக்குறி இடவும். இந்திய இங்க் அல்லது பென்சில் மட்டும். பால்பாயிண்ட் மை ஆல்கஹாலில் ஓரிரவில் கரைந்துவிடும்.