மரணக் கிணறும் மூன்றரை விநாடியும்: ஒரு பேய்க்கதை எழுதிப் பார்க்கிறேன்

ஊருக்கு ஒரு பொருட்காட்சி வருகிறது. அது வந்ததிலிருந்து ஊரில் யாருக்கும் சரியாகத் தூக்கமில்லை. இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு மார்ச்சில் ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்து, இரவு பத்துக்கு மேல்தான் எழுத்து. கதையில் மாரி என்று ஒரு பையன், பத்தொன்பது வயது, அவனுக்குப் பையன்களைத்தான் பிடிக்கும். ஊர் சங்கரன்கோவில் பக்கம். பெயர் வைக்கவில்லை. இப்போது மூன்றாவது வரைவில் இருக்கிறேன்.

முதல் வரைவு குப்பை. ராட்டினம், நாககன்னி, கண்ணாடி அறை, உடம்பில்லாமல் பேசும் தலை என்று அகப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டிருந்தேன். பேசும் தலை வித்தையைப் பற்றித் தெரிந்துகொண்டதுதான் மிச்சம். மேஜைக்கு அடியில் இரண்டு கண்ணாடிகளைப் பக்கவாட்டில் 45 டிகிரி கோணத்தில் நிமிர்த்தி நிறுத்துவார்கள். பக்கத்துத் திரைகள் அதில் தெரியும், நாமோ மேஜைக்கு அடியில் வெறும் இடம் இருப்பதாக நினைத்துக்கொள்வோம். உடம்பு கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். லண்டனில் 1865-லேயே காட்டிய வித்தை இது. கதைக்கு உதவவில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு வேறு. பொருட்காட்சிதான் பூதம், அது ஊர்ப் பையன்களை மயக்கிக் கூட்டிப்போகிறது என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்தால், "வெளியூர்க்காரன் வந்து எங்க பிள்ளையைக் கெடுத்துட்டான்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொல்கிற ஆளின் குரல் அப்படியே கேட்கிறது. அவருக்கு என் கதை ரொம்பப் பிடித்திருக்கும். சரி என்று பொருட்காட்சியை நல்லதாக மாற்றி இரண்டாவது வரைவு எழுதினேன். சிநேகிதன் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, பயம் எங்கடா?" என்றான்.

மூன்றாவதில் மற்றதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மரணக் கிணறை மட்டும் வைத்துக்கொண்டேன். மரப் பலகைகளை நட்டு அடித்த உருளை. மேலே விளிம்பைச் சுற்றி ஜனங்கள் நின்று பார்க்கிற மேடை. உள்ளே சைலன்சர் கழற்றிய பைக். வேகம் கூடக் கூட சக்கரம் சுவரை அழுத்தும், அந்த அழுத்தத்தால் வருகிற உராய்வுதான் ஆளையும் வண்டியையும் தாங்குகிறது. வேகம் குறைந்தால் வழுக்கல். கிணறு 9 மீட்டர் அகலம், வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு சுற்றுக்கு 3.4 விநாடி வருகிறது.

அந்த எண்தான் கதையைக் காப்பாற்றியது. மேலே நிற்கிற மாரிக்கு ஓட்டுகிறவனின் முகம் மூன்றரை விநாடிக்கு ஒரு தடவை, ஒரு இமைப்பு நேரம் தெரியும். அப்புறம் இல்லை. அப்புறம் மறுபடி. சின்ன ஊரில் ஒருவனை ஒருவன் பார்த்துக்கொள்வது எங்களுக்கு இப்படித்தான் வாய்த்தது, பஸ் ஸ்டாண்டில், கோயில் கொடையில், அடுத்தவர் தோளுக்கு மேலாக. பேயும் அப்படித்தானே வரும்? அந்த அத்தியாயத்தில் வாக்கியங்களை மூன்றரை விநாடிக்குள் வாய்விட்டுப் படித்து முடிகிற அளவுக்கு வெட்டினேன். ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

மேலே நிற்பவர்கள் ரூபாய் நோட்டை நீட்டுவார்கள், ஓட்டுகிறவன் சுற்றி வருகிற வேகத்திலேயே பறித்துக்கொள்வான். மாரியும் நீட்டுகிறான். கதை நடக்கிற 2018-இல் புதிதாக வந்திருந்த சாக்லேட் நிறப் பத்து ரூபாய். விரல் படுகிறது. அடுத்த சுற்றில் அவன் பாக்கி கொடுப்பதுபோல ஒரு நோட்டைத் திருப்பித் திணித்துவிட்டுப் போகிறான். வெளியே வந்து பார்த்தால் சிங்கத் தலை போட்ட பழைய பத்து ரூபாய். காந்தி படம் போட்ட நோட்டு வரிசை 1996-இல்தான் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய பையன் அவன்.

இங்கேதான் பயம் எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது. பொருட்காட்சி யாரையும் கொண்டுபோக வரவில்லை, ஊர் துரத்திவிட்ட ஒருவனை அதே வயதில் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. மேடையில் நிற்கிற நாற்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பேருக்கும் அவனை அடையாளம் தெரிகிறது. ஒருத்தரும் சொல்வதில்லை. சொன்னால் அன்றைக்கு நடந்தது தெரியும் என்று ஆகிவிடுமே. மாரி கேட்கிறான், "யாரு ஆச்சி அது?" ஆச்சி கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "எவம்ல? எனக்கென்ன தெரியும்" என்கிறாள். கை மட்டும் கம்பியை விடவில்லை.

வருஷத்தை 2018 என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒருபாலின உறவைக் குற்றமாக வைத்திருந்த 377-ஆவது சட்டப் பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜூலை 17-இல் தீர்ப்பை ஒத்திவைத்து, செப்டம்பர் 6-இல் சொன்னது. அந்த இடைவெளியில் கதை நடக்கட்டும் என்று நினைத்தேன். நாள்காட்டியைப் புரட்டினால் ஜூலை 27 ஆடிப் பௌர்ணமி, அன்று இரவு முழுச் சந்திர கிரகணம், இந்த நூற்றாண்டிலேயே நீண்டது. நிலா முழுதாக மறைந்திருந்தது 103 நிமிடம், நம் ஊர் நேரப்படி நள்ளிரவு 1 மணியிலிருந்து 2.43 வரை. நானாகக் கற்பனை செய்திருந்தால் ஓவர் என்று வெட்டியிருப்பேன்.

அன்றைக்குப் பொருட்காட்சி பூட்டிக் கிடக்கிறது, கரண்டும் இல்லை. திடலிலிருந்து பைக் சத்தம் வருகிறது. கிரகணம் என்று எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறார்கள். 103 நிமிடத்துக்கு 1,800 சுற்றுக்கு மேல் வரும்.

வெட்டியதில் வருத்தமும் இருக்கிறது. அரியும் சிவனும் ஒரே உடம்பாக நிற்கிற கோலத்தைப் பார்க்கக் சங்கரன்கோவில் கோமதியம்மன் தபசு இருந்த கதையை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அழகாகத்தான் வந்திருந்தது. ஆனால் கை நீட்டினால் கிடைக்கிற உவமை, எடுத்துவிட்டேன். மாரி போன்றவர்களைக் குறிக்கிற பால்புதுமை (குயர்) என்ற சொல்லையும் எடுத்தேன். தமிழக அரசு இதற்கான சொற்பட்டியலை அரசிதழில் போட்டதே 2022-இல்தான். மாரிக்கு ஏது அந்தச் சொல்? ஊர் அவனைப் பற்றிச் சொல்வது "அவன் ஒரு மாதிரி" என்பது மட்டும்தான். அந்த ஒரு வரியை ஏழு பேர் ஏழு விதமாகச் சொல்கிறார்கள்.

கடைசிக் காட்சி நிற்க மாட்டேன் என்கிறது. விடிகிறது, திடல் காலி, பலகை நட்ட குழிகள் வட்டமாகத் தெரிகின்றன. மாரி வீட்டுக்கு வந்து பழைய நோட்டை ஆச்சியிடம் கொடுக்கிறான். அவள் வாங்கிச் சுருக்குப் பையைத் திறக்கிறாள். அதற்குள் அதே போல இன்னொன்று ஏற்கெனவே இருக்க வேண்டுமா, கூடாதா என்று நான்கு நாளாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.