கடவுள் உண்டு, ஆனால் கும்பிட மாட்டோம்: மதமற்ற தரப்பு ஒன்றுக்குப் பண்பு தேடிய கதை

கடந்த சில மாதங்களாக நண்பர்கள் இருவரும் நானும் வார இறுதிகளில் ஒரு சிறிய கற்பனையுலக வியூக விளையாட்டை உருவாக்கி வருகிறோம். அறுகோணக் கட்டங்களால் ஆன வரைபடம், சுற்றுமுறை ஆட்டம், ஆறு தரப்புகள். அவற்றுள் ஐந்துக்கு ஆளுக்கொரு தெய்வத்தைக் கொடுத்துவிட்டோம். அவற்றின் பண்புகளை எழுதுவதில் சிரமமே இருக்கவில்லை. கடல் தெய்வத்தின் மக்களுக்குக் கப்பல், காட்டுத் தெய்வத்தின் மக்களுக்கு மறைந்து தாக்கும் வேடர்கள் என்று தெய்வத்தின் பெயரைச் சொன்னவுடனே பாதிப் பட்டியல் தானாகவே நிரம்பிவிடுகிறது. ஆறாவது தரப்பு மதமற்றது என்பதை மட்டும் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம். கணக்குத்தாளில் அதற்குரிய வரிசையில் "கோயில் இல்லை, பூசாரி இல்லை, அற்புதம் இல்லை" என்ற மூன்று இல்லைகளும், அவற்றுக்கு ஈடாக "ஆராய்ச்சி 20% கூடுதல்" என்ற ஒற்றை வரியும் வெகுநாள் அப்படியே கிடந்தன.

அந்த ஒற்றை வரிதான் என்னை உறுத்தியது. மதம் இல்லாதவர் என்றால் அறிவியலில் கெட்டிக்காரர் என்று எழுதிவிடுவது கை தானாகப் போகிற வழி. 1999-இல் வெளிவந்த ஆல்ஃபா சென்டாரி என்ற விளையாட்டில் பல்கலைக்கழகத் தரப்பு ஏறக்குறைய இந்த வார்ப்பில்தான் அமைந்திருந்தது என்றாலும், அங்கே அதற்கு ஒரு முகம் இருந்தது. ஆராய்ச்சியில் முந்தும் அந்தத் தரப்பு ஒற்றர்களின் ஊடுருவலுக்கு எளிதில் இரையாகும். அதன் தளங்களில் அதிருப்தியாளர்களும் கூடுதலாகத் தோன்றுவர். கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட சமூகம் இரகசியத்தைக் காப்பதிலும் கீழே இருப்பவரைத் திருப்திப்படுத்துவதிலும் தடுமாறும் என்ற ஒரு கருத்து அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் 20 விழுக்காட்டுக்குப் பின்னால் கருத்து என்று எதுவும் இல்லை.

ஆகவே எங்கள் விளையாட்டில் மதம் என்னென்ன வேலை பார்க்கிறது என்பதை முதலில் எழுதிப் பார்த்தோம். இந்த வகையில் எனக்கு நன்கு பழக்கமான எடுத்துக்காட்டு 2005-இல் வந்த சிவிலைசேஷன் 4. அதில் வரும் ஏழு மதங்களும் விதிகளின்படி ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லாதவை. பெயரும் சின்னமும் மட்டுமே மாறும். ஆனாலும் அங்கே மதம் நகரத்து மக்களை மகிழ்ச்சியாக வைத்திருக்கிறது, அண்டை நாட்டாரை உறவாகவோ பகையாகவோ ஆக்குகிறது, தலைமைத் திருத்தலம் கட்டப்பட்ட பிறகு அந்த மதம் பரவிய ஒவ்வொரு நகருக்கும் ஒரு பொற்காசு வீதம் வருமானமும் தருகிறது. பிற்காலத்தில் தாராளவாதம் என்ற தொழில்நுட்பத்தை எட்டிய பிறகு சமயச் சுதந்திரம் என்ற கொள்கையைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுக்கென்று மதம் இராது. ஆனால் ஒரு நகரில் எத்தனை மதங்கள் உள்ளனவோ அத்தனை மகிழ்ச்சி கூடும், ஆராய்ச்சியும் 10% உயரும். அதாவது அங்குள்ள மதச்சார்பின்மை கூட மதங்கள் நிறைந்திருந்தால்தான் பயன் தரும். அழகான விதிதான், ஆனால் எங்கள் தரப்பு அது அன்று.

கற்பனையுலகில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. நம் உலகத்து நாத்திகர் கடவுள் இல்லை என்கிறார். கற்பனையுலகிலோ பூசாரி கையை உயர்த்தினால் செத்தவன் எழுந்து உட்காருகிறான். தெய்வம் போர்க்களத்தில் நேரில் இறங்கி வருகிறது. அதைக் கண்ணால் கண்ட பிறகும் கடவுள் இல்லை என்று சொல்பவனைப் பகுத்தறிவாளன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட உலகில் கடவுள் இருக்கிறாரா என்ற கேள்விக்கே இடமில்லை. கும்பிட வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி.

இந்தக் கேள்வியை நேராக எதிர்கொண்ட ஒரு தரப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஃபால் ஃப்ரம் ஹெவன் 2 என்ற மாட் (இருக்கும் விளையாட்டை ஆர்வலர்கள் மாற்றியமைத்து உருவாக்கும் பதிப்பு) வழியாகத்தான். டெரெக் பேக்ஸ்டன் தம் நண்பர்களுடன் ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் கதைகளை அடிப்படையாகக் கொண்டு, சிவிலைசேஷன் 4-இன் மேல் கட்டி எழுப்பிய உலகம் அது. மூல விளையாட்டில் ஒன்றுபோல் இருந்த மதங்களை அவர் குழுவினர் ஏழு வெவ்வேறு மதங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனிப் படைப்பிரிவுகளையும் நாயகர்களையும் கொடுத்தனர். அவ்வளவு மத வளம் கொட்டிக்கிடக்கும் ஆட்டத்தில் கிரிகோரி என்ற மக்கள் எந்த மதத்தையும் அரசு மதமாக ஏற்க இயலாது. அவர்களின் தலைவன் காசியல் தெய்வங்களை அறியாதவன் அல்லன். அவனே முன்பு ஒரு தெய்வத்தின் தூதனாக இருந்து விலகி வந்தவன். தெய்வங்களின் சண்டையில் மனிதர்கள் பகடைக்காய்களாக உருள்வதை ஏற்காமல் பிரிந்தவன் என்பதால், அவனுடைய மறுப்புக்கு ஒரு கனம் கிடைத்துவிடுகிறது.

நான் வியந்தது அவர்களுக்குக் கிடைத்த ஈட்டைப் பார்த்துத்தான். மற்ற தரப்புகளுக்கு மதம் நாயகர்களை அனுப்பி வைக்கிறது. கிரிகோரிகளுக்கு மதுக்கூடமும் சங்கக் கட்டடமும் சாகசக்காரர்களை உருவாக்கித் தருகின்றன. இந்த விளையாட்டில் பெரும் கலைஞர், பெரும் வணிகர் என்ற சிறப்புப் பாத்திரங்கள் நகரத்தில் புள்ளிகள் சேர்ந்து பிறப்பதுபோலவே இந்தச் சாகசக்காரனும் நகரத்தில் பிறக்கிறான். பெயரும் புகழும் இல்லாத அவனை வில்லாளியாகவோ குதிரை வீரனாகவோ மந்திரவாதியாகவோ நாம் வளர்த்தெடுக்கலாம். தெய்வம் தேர்ந்தெடுத்த நாயகனுக்கு எதிரே தெருவிலிருந்து புறப்பட்ட நாயகன் என்ற கருத்தை ஒரு வரி வசனமும் இல்லாமல் விதியே சொல்லிவிடுகிறது. மருத்துவர் என்ற தனிப் படைப்பிரிவும் அவர்களிடம் உண்டு; பூசாரி இல்லாத சேனையில் காயத்தைக் கட்டுவது யார் என்ற கேள்வியை வடிவமைத்தவர்கள் மறக்கவில்லை என்பதற்கு அது சான்று.

அதே விளையாட்டில் இல்லியர் என்ற பனிநாட்டு மக்களுக்கும் அந்த ஏழு மதங்களில் எதையும் ஏற்க இயலாது என்ற விதியே இருக்கிறது. ஆனால் காரணம் முற்றிலும் வேறு: செத்துப்போன குளிர்காலத் தெய்வத்தின் மீது அவர்களுக்கு உள்ள பற்று வேறொரு தெய்வத்துக்கு இடம் கொடுக்காது. ஒரே தடை, ஒரு புறம் பற்றின்மையின் விளைவு, மறு புறம் வெறித்த பக்தியின் விளைவு. தடை தானாக எந்தப் பண்பையும் உண்டாக்கிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. எங்கள் கணக்குத்தாளின் மூன்று இல்லைகளும் அதுவரை தடைகளாகவே இருந்தன.

தடையை எப்படிப் பண்பாக்குவது என்பதை வேறு இரண்டு விளையாட்டுகளிடம் கற்றேன். 2016-இல் வந்த சிவிலைசேஷன் 6-இன் காங்கோ நாட்டால் மதத்தை நிறுவ இயலாது, புனிதத் தலப் பகுதியையும் கட்ட இயலாது. ஆனால் தன் நகரங்களில் பெரும்பான்மையாகப் பரவிய மதத்தின் நம்பிக்கைகள் அனைத்தின் பயனையும் பெற்றுக்கொள்ளும். (அதன் தலைவராக வரும் ம்வெம்பா அ ந்சிங்கா வரலாற்றில் கிறித்தவத்தைத் தழுவிய அரசர் என்பதால், மதமற்றவர் என்று அவரைச் சொல்ல முடியாது, விதியின் வடிவம் மட்டும்தான் நமக்குப் பயன்படும்.) 2014-இல் வந்த எண்ட்லெஸ் லெஜெண்டின் ப்ரோக்கன் லார்ட்ஸ் தரப்பு இன்னும் துணிச்சலானது. உடலை இழந்து கவசத்துக்குள் வாழும் அவர்களுக்கு உணவே தேவையில்லை; மற்றவர்கள் உணவால் மக்கள்தொகையைப் பெருக்க, அவர்கள் டஸ்ட் எனப்படும் செல்வத்தைக் கொடுத்து மக்கள்தொகையை வாங்குகிறார்கள், காயத்தையும் அதனாலேயே ஆற்றிக்கொள்கிறார்கள். ஒரு வாய்க்காலை அடைத்து, தண்ணீரை வேறொரு வாய்க்காலில் திருப்பிவிடுவது போன்ற வேலை இது. அடைத்ததோடு நிறுத்திக்கொண்டால் வயல் காய்ந்துவிடும். எங்கள் ஆறாவது தரப்பு அப்படித்தான் காய்ந்து கிடந்தது.

திருப்பிவிடுவதற்குரிய வாய்க்காலை நான் கண்டது எதிர்பாராத இடத்தில். மணிமேகலையின் 27-ஆம் காதையில் சமயவாதிகள் பலர் தத்தம் கொள்கையை அவளிடம் சொல்கிறார்கள். அவர்களுள் ஒருவன் பூதவாதி, அதாவது நிலம், நீர் போன்ற பூதங்களைக் கொண்டே எல்லாவற்றையும் விளக்குபவன். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடினால் மதுவின் களிப்பு பிறப்பதுபோலப் பூதங்கள் கூடுமிடத்தில் உணர்வு பிறக்கிறது என்றும், அவை பிரிந்தால் பறையின் ஓசைபோல் அது அழிந்துவிடுகிறது என்றும் அவன் சொல்கிறான். கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறு அளவையை, அதாவது அறியும் வழியை, அவன் ஏற்பதில்லை; மறுமையில் பயன் துய்ப்போம் என்பதைப் பொய் என்கிறான். காப்பியம் அவன் பக்கம் இல்லை என்பது வேறு கதை. ஆனால் அவன் பேச்சு முழுவதும் மறுப்பாக இல்லை என்பது என் கவனத்தை ஈர்த்தது. உலகம் எப்படி இயங்குகிறது என்பதற்கு அவனிடம் சொந்தமான ஒரு விளக்கம் இருக்கிறது. எங்கள் தரப்பிடம் இல்லாமல் போனது அந்த விளக்கம்தான்.

கண்டதே சான்று, கூடுவதால் பிறப்பது, மறுமை இல்லை என்ற பூதவாதியின் மூன்று கருத்துகளையும் மூன்று விதிகளாக்கினோம். முதலாவதற்குக் கண்கூடு என்றே பெயர் வைத்தோம். இந்தத் தரப்பின் படைகள் தங்கள் சாரணர் இந்தச் சுற்றில் நேரில் காணும் கட்டத்தில் போரிட்டால் வலிமை கூடும். மூடுபனி படர்ந்த, அதாவது அவர்கள் பார்வைக்கு எட்டாத, கட்டத்தில் போரிட்டால் குறையும். மற்றத் தரப்புகளுக்குப் பூசாரிகள் குறிசொல்லி வரைபடத்தின் தொலைவான பகுதியைத் திறந்து காட்டுவார்கள். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது, நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஈடாக எதிரியின் மாயத் தோற்றங்கள் இவர்களை ஏமாற்றுவதில்லை. ஆடிப் பார்த்தபோது இந்த ஒரே விதி ஆட்டக்காரரின் பழக்கத்தையே மாற்றிவிட்டது. வழக்கமாக முதல் இருபது சுற்றுகளுக்குப் பிறகு சாரணரை மறந்துவிடும் என் நண்பர், இந்தத் தரப்பை ஆடும்போது கடைசிச் சுற்று வரை மலையுச்சிகளைப் பிடிப்பதற்காகவே போர் தொடுத்தார்.

இரண்டாவது கூட்டு. தெய்வ அருளால் கிடைக்கும் வரங்களுக்கு இணையாக, நகரம் ஒன்றில் இரண்டு வெவ்வேறு மூலப்பொருள்கள் சேர்ந்தால் அங்கே பயிற்சி பெறும் படைக்குப் புதிய திறன் ஒன்று கிடைக்கும். இரும்பும் கந்தகமும் ஒரு திறன், மூலிகையும் உப்பும் வேறொரு திறன். பொருளின் வழித்தடம் துண்டிக்கப்பட்டால் திறனும் அந்தச் சுற்றிலேயே போய்விடும். பறையோசை கெடுவதுபோல என்று விதிக்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன், ஆட்டக்காரர் கவனித்தால் மகிழ்ச்சி. தெய்வத்தின் வரத்தை எதிரியால் கொள்ளையடிக்க இயலாது, இவர்களின் வரத்தையோ ஒரு வணிகப் பாதையை மறித்தே பறித்துவிடலாம். அதனால் ஆட்டத்தின் நடுப்பகுதியில் இந்தத் தரப்பு எப்போதும் சாலைகளையும் துறைமுகங்களையும் பற்றிய பதற்றத்திலேயே இருக்கிறது. அந்தப் பதற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்றாவதில்தான் நாங்கள் வெகுவாகத் தடுமாறினோம். மறுமை இல்லை என்பதை, இந்தத் தரப்பின் வீரர்களை யாராலும் உயிர்ப்பிக்க இயலாது என்ற விதியாக முதலில் எழுதினோம். அது மீண்டும் ஒரு வெறும் இல்லை. அடுத்து, அனுபவம் மிக்க படை அழிந்தால் நகரங்களில் துயரம் பரவும் என்று சேர்த்தோம். அதன் விளைவாக ஆட்டக்காரர்கள் நல்ல படைகளைக் கோட்டைக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, புதிய வீரர்களை மட்டும் சாகக் கொடுத்தார்கள். ஒற்றை வாழ்க்கையின் மதிப்பைச் சொல்லக் கிளம்பிய விதி, எளியவனின் உயிரை மலிவாக்கிவிட்டது! கடைசியில் அதைத் தலைகீழாகத் திருப்பினோம். அனுபவம் மிக்க படையைப் போரிலிருந்து விலக்கி நகரத்தில் குடியமர்த்தினால், அதன் அனுபவத்தில் பாதி அந்த நகரில் இனிப் பயிற்சி பெறும் ஒவ்வொரு படைக்கும் நிலையாகச் சேரும். போரில் செத்தால் அத்தனையும் அவனோடு போய்விடும். இப்போது ஒவ்வொரு பெரிய போருக்கு முன்னும், இவனை இன்னும் ஒரு முறை அனுப்பலாமா, ஆசிரியனாக உட்கார வைக்கலாமா என்ற கணக்கு எழுகிறது. தெய்வ நம்பிக்கையுள்ள தரப்புக்கு அந்தக் கணக்கே வராது. அவர்களுக்குத்தான் உயிர்ப்பிக்கும் பூசாரி இருக்கிறாரே.

ஆராய்ச்சி 20% கூடுதல் என்ற வரியை அழித்துவிட்டோம். அதை எடுத்த பிறகும் இந்தத் தரப்பு தோற்றோடவில்லை. நகரத்தில் குடியமர்ந்த பழைய வீரர்கள் அந்த இடத்தை நிரப்பிவிட்டார்கள்.

அரசுறவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே தெய்வத்தை வணங்குவோர் இடையே எழும் இயல்பான நட்பு இவர்களுக்குக் கிடையாது, வேற்றுத் தெய்வத்தார் இடையே எழும் இயல்பான பகையும் கிடையாது. எல்லோரிடமும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

இன்னும் தீராமல் இருப்பது ஒன்று. எங்கள் உலகில் தெய்வங்களின் சினம் ஏறினால் வரைபடம் முழுவதையும் பஞ்சமோ வெள்ளமோ தாக்கும். பேரழிவு எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதைக் காட்டும் ஃபால் ஃப்ரம் ஹெவனின் பேரழிவு எண்ணியிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஏற்பாடு இது. மற்ற ஐந்து தரப்புகளும் பலியிட்டு அதைத் தணித்துக்கொள்ளலாம். ஆறாவது தரப்பை அந்த வெள்ளம் தொடக்கூடாது என்கிறார் ஒரு நண்பர். கும்பிடாதவன் வயலிலும் மழை பெய்யத்தானே செய்யும் என்கிறார் மற்றவர். நான் இரண்டாமவர் பக்கம். ஆனால் பலிக்கு ஈடாக அவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், அணை கட்டலாம் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்கு இன்னும் தோன்றவில்லை. அணைக்கு எத்தனை சுற்றுகள் ஆக வேண்டும் என்பதில் போன ஞாயிறு முழுவதும் வாதாடினோம். இப்போதைக்குத் தாளில் 12 என்று இருக்கிறது.